இப்போ படுதா?

பிப்ரவரி 4

அண்ணா,

ஃபோன்ல என் குரல் கேட்டாலே வெச்சிடறே. சரி, லெட்டரை எப்படி வெப்பேன்னு நானும் பாக்கறேன். கிழிச்சுப் போடலாம். ஆனா கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடுவே, உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?

அப்பா போய் ஒரு வருஷம் ஆகப் போகுது. அன்னிக்கு வாசல்ல, அத்தனை பேர் முன்னாடி நீ சொன்னது இன்னும் என் காதுலயே இருக்கு. "அப்பாவைக் கொன்னது நீ தைச்சுக் குடுத்த ஷூதான். இனிமே செருப்புக் காலோட இந்தத் தெருப் பக்கம் வராதே. வர்றதுன்னா முனையிலயே கழட்டிப் போட்டுட்டு வா." நானும் உன் தங்கச்சிதானே, எனக்கும் மூக்கு மேலதான் கோபம். கழட்டவும் இல்ல, வரவும் இல்ல.

இப்ப எழுதறது அந்தச் சண்டையைக் கிளறறதுக்கு இல்ல. அண்ணி போன வாரம் பேசினாங்க. நீ குளிக்கப் போயிருந்த நேரம் பாத்து, குசுகுசுன்னு. நீ செருப்பையே விட்டுட்டியாமே. வீட்டுல மட்டும் இல்ல, ஸ்கூலுக்கும் வெறுங்கால், கடைக்கும் வெறுங்கால், காலையில ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு நடக்கறதும் வெறுங்கால். ஊர்ல உனக்கு "வெறுங்கால் மாஸ்டர்"னு பேரே வெச்சாச்சாம். பேர் நல்லாத்தான் இருக்கு.

நான் செருப்புத் தைக்கறவ, அதனால வயித்தெரிச்சல்ல பேசறேன்னு நெனைக்காதே. வெறுங்கால்ல நடந்தா விரல் நல்லா விரியும், கணுக்கால் பலமாகும், அதெல்லாம் நெசம்தான். இங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருக்கற எங்க பட்டறைக்கு அம்மாக்கள் குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. நானே சொல்வேன், ஷூவை வீசிட்டு மணல்ல விளையாட விடுங்கன்னு. ஆனா அது கல் குத்தினா "ஆ"ன்னு கத்தற காலுக்கு. எங்க பட்டறைக்கு வர்ற மத்த கால்கள் வேற மாதிரி. புண்ணான கால், விரல் போன கால். எங்க அலமாரியில இருக்கற செருப்புல பாதிக்கு மேல ஒத்தைதான். ஜோடி தேவைப்படாதவங்களுக்கு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரத்தத்துல சர்க்கரை பாத்தியா? அப்பாவுக்கு இருந்தது. அவருக்கு அவங்க அப்பாகிட்ட இருந்து வந்தது. உனக்கு வயசு நாப்பத்தஞ்சு. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். பாத்துட்டு ஒரு வரி எழுது. திட்டணும்னா அதே வரியில திட்டிக்கோ.

உன் தங்கை

பிப்ரவரி 15

லெட்டர் வந்தது. கிழிக்கல. அதுக்காக மனசு இளகிட்டேன்னு நெனைச்சுக்காதே, பின்பக்கம் வெத்துத் தாளா இருந்தது, ஸ்கூல் கணக்குப் போட ஆகும்னு வெச்சுக்கிட்டேன்.

உங்க அண்ணி குசுகுசுன்னு பேசினதும் எனக்குத் தெரியும். அவ குசுகுசுன்னு பேசினா எதிர்வீட்டுக்குக் கேக்கும்.

நான் டிரில் மாஸ்டர்டீ. பசங்களுக்குக் கால் எப்படித் தூக்கணும், எப்படி வைக்கணும்னு இருபது வருஷமா கத்திக் கத்தித் தொண்டை போனவன். காலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா? கேட்டுக்கோ. செருப்பை விட்ட நாள்ல இருந்து முட்டி வலி போன இடம் தெரியல. முதுகு நேரா நிக்குது. முன்னெல்லாம் குதிகாலை டொம்முனு போட்டு நடப்பேன், இப்ப பூனை மாதிரி நடக்கறேன். சுண்டு விரல் தனியா அசையுது, அதைப் பாத்துட்டு உங்க அண்ணி ஒரு நாள் முழுக்க சிரிச்சா.

முதல்ல கஷ்டமாத்தான் இருந்தது, ஒத்துக்கறேன். ராத்திரி படுத்தா உள்ளங்கால் ரெண்டும் பத்திக்கிட்டு எரியும். ஈரத்துணி சுத்திக்கிட்டுப் படுப்பேன். எங்க குழுவுல ஒரு பேங்க் கேஷியர் இருக்கார், உடம்புல இத்தனை வருஷம் சேர்ந்த விஷத்தை மண்ணு இழுக்குதுன்னு சொன்னார். இழுத்து முடிச்சுடுச்சு போல, இப்ப எரிச்சல் சுத்தமா இல்ல. ஜல்லியில நடப்பேன், வெயில்ல நடப்பேன், ஒண்ணும் பண்ணாது. கால் வேர்க்கறது கூட இல்ல. நல்லா காய்ஞ்சு, கட்டியா, தோல் அப்படியே பலகை மாதிரி ஆயிடுச்சு.

ஒரு கூத்து சொல்றேன் கேளு. போன வாரம் வீட்டுக்குள்ள நடக்கும்போது டக் டக்னு சத்தம். தரையில ஏதோ கல்லு பேந்துடுச்சுன்னு நெனைச்சு ஒவ்வொரு கல்லா மிதிச்சு மிதிச்சுப் பாக்கறேன். எதை மிதிச்சாலும் டக்குங்குது. உங்க அண்ணி சமையல் ரூம்ல இருந்து வந்து, "நில்லுங்க, காலைத் தூக்குங்க"ன்னா. தூக்கினா, குதிகால்ல ஒரு டிராயிங் பின். ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல குத்தற பின். முழுசா இறங்கி, தலை மட்டும் வெளியில பளபளன்னு தெரியுது. காலையில ஸ்கூல்ல ஏறினது, சாயங்காலம் வரைக்கும் அதோடயே நடந்திருக்கேன்! இடுக்கி வெச்சு இழுத்துப் போட்டா. ஒரு வலி இல்ல. செருப்புக் காலுக்கு இது நடந்திருந்தா ஊரைக் கூட்டியிருக்கும்.

சர்க்கரை கிர்க்கரை எல்லாம் எனக்கு வராது. வயிறு வத்தி, பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கேன். மைதானத்துல கத்தறவன், கூஜா கூஜாவா தண்ணி குடிக்கறேன், குடிச்சதெல்லாம் ராத்திரி எழுந்து எழுந்து வெளியே போகுது. உடம்பு தன்னைத் தானே கழுவிக்குது. கண்ணுதான் கொஞ்சம் மங்கல், கண்ணாடி மாத்தினேன், அது வயசு.

அப்பா விஷயத்தை நான் மறக்க மாட்டேன். நீ தைச்ச அந்தப் பழுப்பு ஷூவைச் சாயங்காலம் கழட்டினவன் நான். உள்ளே ரத்தம், ரத்தத்துக்கு நடுவுல ஒரு சட்டைப் பொத்தான். அங்க ஆரம்பிச்ச புண்ணுதான் விரல், பாதம், முழங்கால்னு ஏறிச்சு. செருப்புன்னு ஒண்ணு இல்லாம இருந்தா அந்தப் பொத்தான் எங்க போய் ஒளிஞ்சிருக்கும்? சொல்லு பாப்போம்.

டிரில் மாஸ்டர்

பிப்ரவரி 24

அண்ணா,

அந்த டிராயிங் பின் விஷயத்தை நான் சிரிக்கணும்னு எழுதியிருக்கே. கையில இருந்த கத்தரியைக் கீழே வெச்சுட்டு உக்காந்துட்டேன். என் கூட வேலை பாக்கற அக்கா, "ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாங்க. இது தமாஷ் இல்ல.

பொத்தான் ஞாபகம் இருக்குன்னு சொன்னே. எனக்கும் இருக்கு. ஆனா ஒரு கேள்வியை நீயும் கேக்கல, அன்னிக்கு நானும் கேக்கல. காலையில போட்ட ஷூவை அப்பா சாயங்காலம் வரைக்கும் போட்டுக்கிட்டு நடந்தார். கடைக்குப் போனார், பேங்குல வரிசையில நின்னார். அடியில ஒரு பொத்தான். உனக்கும் எனக்கும் ஷூவுக்குள்ள ஒரு மணல் பூந்தா, நடுரோட்டுல ஒத்தைக் கால்ல நின்னு உதறிட்டுத்தான் மறுவேலை. அவருக்கு ஏன் தெரியல?

இப்ப நீ பின்னோட காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நடந்திருக்கே. உனக்கு ஏன் தெரியல?

செருப்பு போட்டவரும் உணரல, போடாதவனும் உணரல. அப்ப செருப்பை விட்டுட்டு வேற எங்கயாவது பாக்கணும் இல்லையா? வலி நின்னுடுச்சுங்கறே. நின்னது வலியா, உணர்ச்சியேவான்னு பாக்கணும். முதல்ல எரியறது, அப்புறம் ஒண்ணுமே இல்லாம போறது, வேர்க்காம காய்ஞ்சு போறது, இதையெல்லாம் எங்க பட்டறைக்கு வர்றவங்க ஒருத்தர் விடாம இதே வரிசையில சொல்வாங்க. அவங்களும் முதல்ல சந்தோஷமாத்தான் இருந்தாங்களாம். எரிச்சல் போச்சேன்னு.

உன்னை டாக்டர்கிட்ட அனுப்ப என்னால முடியாது, ஆனை வெச்சு இழுத்தாலும் வர மாட்டே. அதனால இந்தக் கவருக்குள்ள ஒரு குச்சி வெச்சிருக்கேன். நுனியில நைலான் நரம்பு ஒட்டியிருக்கு, மீன் பிடிக்கற தூண்டில் நரம்பு மாதிரி. இங்க டாக்டர் வெச்சிருக்கறதைப் பாத்து நானே செஞ்சது. நீ கண்ணை மூடிக்கிட்டுப் படு. அண்ணி அந்த நுனியை உள்ளங்கால்ல அங்கங்க வெச்சு, நரம்பு லேசா வளையற அளவுக்கு அழுத்தட்டும். கட்டை விரல், சுண்டு விரல் அடி, முன்பாதம், குதி. படுதா படலையான்னு சொல்லு. அவ்வளவுதான். காசு இல்ல, ஊசி இல்ல, ரத்தம் இல்ல. இதைக் கூடச் செய்ய மாட்டேன்னா நீ பயப்படறேன்னுதான் அர்த்தம்.

உன் தங்கை

மார்ச் 6

பயமா? எனக்கா? அந்த வார்த்தையை நீ எதுக்கு எழுதினேன்னு எனக்குத் தெரியும். என்னை உசுப்பி விடறே. சின்ன வயசுல இருந்து இதே வேலைதான் உனக்கு. "முடியாதுன்னா விடுண்ணா"ன்னு சொல்லிச் சொல்லியே என்னை மாடி மேல இருந்து குதிக்க வெச்சவதானே.

செஞ்சாச்சு. ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சு, முன்ரூம்ல பாய் போட்டுப் படுத்தேன். கண்ணை மூடினா போதாதுன்னு உங்க அண்ணி முகத்து மேல துண்டைப் போட்டுட்டா, பொணத்துக்குப் போடற மாதிரி. உன் குச்சியைக் கையில வெச்சுக்கிட்டுப் பெரிய டாக்டரம்மா மாதிரி, "இப்போ படுதா?"ன்னா. "படுது." "இப்போ படுதா?" "படுது." "இங்க?" "படுது, படுது, சீக்கிரம் முடி." இப்படியே ரெண்டு காலும். ஒண்ணு கூடத் தப்பல. நூத்துக்கு நூறு. உங்க அண்ணி முகத்தைப் பாக்கணுமே, அப்பாடான்னு தரையிலயே சாஞ்சுட்டா. பாவம், நீ எழுதி எழுதி அவளை அப்படிப் பயமுறுத்தி வெச்சிருக்கே.

ஆச்சா? குச்சியைத் திருப்பி அனுப்பணுமா, இல்ல பல்லுக் குத்த வெச்சுக்கட்டுமா?

இன்னொரு சேதி. எங்க குழு இப்ப பெருசாயிடுச்சு. கேஷியர் மட்டும் கால்ல முள்ளு குத்திச்சுன்னு நின்னுட்டார், சொகுசு ஆசாமி. மத்தவங்க எல்லாம் சேர்ந்து அடுத்த மாசம் ஒரு பெரிய வெறுங்கால் நடை நடத்தறோம். ஸ்கூல் மைதானத்துல ஆரம்பிச்சு, புதுசா தார் போட்ட ரோடு வழியா தண்ணித் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பறது. நான்தான் முன்னாடி போறேன். பேப்பர்ல கூட வரும்னு ஹெட்மாஸ்டர் சொல்றார்.

அப்பாவுக்காகத்தான் செய்யறேன். அவர் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். உனக்குக் கோபம் வந்தா வரட்டும்.

டிரில் மாஸ்டர்

மார்ச் 14

அண்ணா,

தப்பு என் மேல. சரியா எழுதத் தெரியல எனக்கு.

அண்ணி ஒவ்வொரு தடவையும் "இப்போ படுதா"ன்னு கேட்டாங்களா? கேட்டாங்கன்னா அது பரீட்சையே இல்ல. கேள்வி வந்ததுமே உனக்குத் தெரிஞ்சு போகும், ஏதோ வெச்சிருக்காங்கன்னு. நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லல. நம்ம மனசு அப்படி. இங்க முதல் நாள் வந்த ஆளுங்களை நானும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பாத்தேன். எல்லாரும் படுது படுதுன்னாங்க. டாக்டர் வந்து என் தலையில குட்டாத குறை. "வாயை மூடிக்கிட்டு வை"ன்னார்.

அதனால இன்னொரு தடவை. அண்ணிக்கு இந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுக் குடு, நீ படிக்காதே. படிக்காதேன்னா படிப்பே, தெரியும். பரவாயில்ல.

அண்ணி, நீங்க பேசவே கூடாது. நரம்பை வைங்க, சும்மா இருங்க. பட்டா அவரே சொல்லட்டும். எங்க படுதுன்னும் சொல்லட்டும். நடுவுல ஒண்ணு ரெண்டு தடவை, எதையும் வெக்காம, சும்மா "இப்போ படுதா"ன்னு மட்டும் கேளுங்க. அப்ப என்ன சொல்றார்னு பாருங்க.

அண்ணா, அந்த நடையை வெயில் வேளையில வெச்சுடாதே. புதுத் தார் வெயில்ல எப்படிக் கொதிக்கும்னு உனக்குச் சொல்லணுமா? மத்தவங்க கால் சுட்டா ஒதுங்கிடுவாங்க. உனக்குச் சுடுமான்னு முதல்ல தெரியணும்.

உன் தங்கை

மார்ச் 27

உனக்கு இது தேவையா? ஒரு புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல இப்படி ஒரு வேலை பண்ணி வெச்சிருக்கியே, உனக்கே நல்லா இருக்கா?

என்ன நடந்ததுன்னு நீயே கேளு. நீ சொன்ன பக்கத்தைப் படிக்காமலே கிழிச்சு அவகிட்ட குடுத்தேன். மறுபடியும் பாய், மறுபடியும் துண்டு. இந்தத் தடவை ஒரு சத்தமும் இல்ல. நான் பாட்டுக்குப் படுத்திருக்கேன். இன்னும் ஆரம்பிக்கலையே, குச்சியைத் தேடறா போலன்னு நெனைச்சேன். ரொம்ப நேரம் ஆச்சு. "என்ன, ஆரம்பிக்கறியா இல்லையா"ன்னு கேட்டேன். பதிலே இல்ல. அப்புறம்தான், "இப்போ படுதா?"ன்னா. "படுது"ன்னேன். "எங்க?" "வலது கட்டை விரல்ல." "இப்போ?" "குதிகால்ல. நல்லாவே படுது."

 துண்டை எடுத்துட்டுப் பாத்தா, குச்சி அவ மடியில கிடக்கு. அவ சுவரோரமா, என் கால்ல இருந்து எட்டி உக்காந்திருக்கா. கண்ணு ரெண்டும் கலங்கி நிக்குது. முன்னாடி சத்தமே இல்லாம இருந்ததே, அப்பதான் ரெண்டு காலையும் முழுக்கக் குத்திப் பாத்தாளாம். கேட்டப்போ ஒண்ணுமே வெக்கலையாம்.

இது என்ன பரீட்சை? கட்டின பொண்டாட்டி கேக்கறா, நம்பிச் சொல்றேன். அவ வெச்சிருப்பான்னு நெனைச்சேன். நம்பினவனை ஏமாத்தறது ஒரு வைத்தியமா? துண்டு போட்டு மூடினா யாருக்குத்தான் தூக்கம் வராது? பாதித் தூக்கத்துல எதையோ சொல்லியிருப்பேன்.

அன்னில இருந்து உங்க அண்ணி என்கிட்ட சரியா பேசறது இல்ல. நான் வெளியே போயிட்டு வந்தா ஒரு சின்ன டார்ச்சை எடுத்துக்கிட்டு வந்து காலைத் திருப்பித் திருப்பிப் பாக்கறா. சுண்டு விரலுக்கு அடியில ஒரு வெடிப்பு, ஆறவே மாட்டேங்குதுன்னு ஒரே புலம்பல். வெறுங்கால்னா வெடிப்பு இருக்கத்தான் செய்யும். நேத்து என் கட்டில்கிட்ட ஒரு புதுச் செருப்பு இருந்தது. தூக்கி வாசல்ல போட்டேன்.

இதோட நிறுத்திக்கோ. இனிமே லெட்டர் போடாதே. நடை பன்னெண்டாம் தேதி. ஊரே பாக்கும், யார் கால் எப்படின்னு.

ஏப்ரல் 3

அண்ணா,

லெட்டர் போடாதேன்னே. இது கடைசி. முழுசா படிச்சுடு, உனக்குப் புண்ணியமாப் போகும்.

நான் சுத்தி வளைக்கல. உனக்குச் சர்க்கரை இருக்கு. கூஜா கூஜாவா தண்ணி, ராத்திரி எழுந்து போறது, வத்தின வயிறு, மங்கின கண்ணு, எல்லாம் நீயே உன் கைப்பட எழுதினது. வேணும்னா ரத்தம் குடுத்துட்டு என்னைப் பொய்யாக்கு. பொய்யானா உன் முன்னாடி தோப்புக்கரணம் போடறேன், ஸ்கூல் மைதானத்துல, உன் பசங்க எல்லாம் பாக்க.

உன் கால் பலகை மாதிரி ஆயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டியே. பலகையில ஆணி அடிச்சாலும் அதுக்குத் தெரியாதுண்ணா. நீ பலமா நடக்கறே, நான் இல்லேங்கல. ஆனா கீழே என்ன இருக்குன்னு சொல்றதுக்கு உனக்கு ஆள் இல்ல.

நீ ஏன் இதுல இவ்வளவு பிடிவாதமா நிக்கறேன்னு எனக்குத் தெரியும். ஷூ மேல தப்புன்னா, ஷூவை விட்டுட்டா போதும், அப்பாவுக்கு வந்தது உனக்கு வராது. ரத்தத்துல தப்புன்னா எங்க ஓடறது? எனக்கும் அதே பயம்தான். நான் மாசா மாசம் ரத்தம் பாக்கறேன். ஒவ்வொரு தடவையும் சீட்டை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு, பிரிக்காம கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன்.

இங்க ரெண்டு பேர் லீவு, பதினஞ்சாம் தேதிதான் என்னை விடுவாங்க. அன்னிக்குக் காலையில பஸ் ஏறறேன். அதுவரைக்கும் அந்த நடையைத் தள்ளிப் போடு. உடம்பு சரியில்லைன்னு சொல்லு, தங்கச்சி வர்றான்னு சொல்லு, எதையாவது சொல்லு. வெடிப்பை மட்டும் மண்ணு படாம மூடி வை. அண்ணி டார்ச் அடிச்சா திட்டாதே.

நீ சொன்ன மாதிரியே தெரு முனையில செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வரேன். தோத்துட்டேன்னு வெச்சுக்கோ. எனக்கு இப்ப அதெல்லாம் ஒண்ணும் இல்ல.

உன் தங்கை

ஏப்ரல் 12

பாப்பா,

உன்னை இப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆச்சு இல்ல?

நடை முடிஞ்சுது. வெற்றி உன் அண்ணனுக்குத்தான், அதை முதல்ல சொல்லிடறேன். விருந்தாளி ஒருத்தர் கொடி அசைக்க வரணும்னு காத்திருந்து, காலையில கிளம்ப வேண்டியது உச்சி வெயில்ல கிளம்பினோம். அப்பா பேரைச் சொல்லி விசில் ஊதினேன். தார் ரோட்டுல கால் வெச்சதுமே ஒவ்வொருத்தரா "ஸ்ஸ்"ன்னு குதிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஓரத்துப் புல்லுக்கு ஓடினவங்க பாதி, மர நிழலுக்கு ஓடினவங்க மீதி. நான் திரும்பிப் பாத்தா பின்னாடி ஒருத்தர் இல்ல. தனியா போனேன். தண்ணித் தொட்டியைத் தொட்டுட்டுத் தனியாவே திரும்பி வந்தேன். மைதானமே கை தட்டுச்சு. பேப்பர்காரர் போட்டோ எடுத்தார். "மாஸ்டர், உங்களுக்குச் சுடலையா"ன்னு கேட்டதுக்கு, "எனக்கு ஒண்ணுமே தெரியலையே"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்து, நாற்காலியில உக்காந்து, முதல் வேலையா உனக்குத்தான் எழுத ஆரம்பிச்சேன். ஜெயிச்சதைச் சொல்லிக் காட்டணுமே. மேல இருக்கறது வரைக்கும் அப்ப எழுதினது.

அதுக்குள்ள உங்க அண்ணி கடையில இருந்து வந்தா. வாசப்படியிலயே நின்னுட்டா. உள்ள வரல. தரையையே பாக்கறா. "குளிச்சீங்களா?"ன்னா. "இல்லையே, இப்பத்தான் வந்தேன்." "அப்ப இது என்ன தண்ணி?" வாசல்ல இருந்து நாற்காலி வரைக்கும் ஈரத் தடம். என் தடம்தான். நான் இன்னும் கால் கழுவவே இல்ல, பாப்பா.

பையைக் கீழே போட்டுட்டு ஓடி வந்து உக்காந்தா. நான் குனிஞ்சு பாக்கல. பாக்கணும்னு தோணல. சுவத்துல காலண்டரைப் பாத்துக்கிட்டே, "என்ன, மறுபடியும் குச்சியைக் கொண்டு வரப் போறியா"ன்னு விளையாட்டாத்தான் கேட்டேன். விசும்பற சத்தம்தான் கேட்டது. "காலைத் தொட்டுப் பாரு, அழறதை அப்புறம் அழலாம்"னேன். அப்ப அவ சொன்னா. "ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத்தானேங்க இருக்கேன்."

குனிஞ்சு பாத்தேன். பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. தோல் அவ கையோட நழுவுது, ஈர சாக்ஸ் கழண்டு வர்ற மாதிரி. கையெல்லாம் ஈரம். எனக்கு எதுவும் தெரியல. சத்தியமா ஒண்ணுமே தெரியல. எதிர்ல யாரோ ஒருத்தரோட கால் மாதிரி இருந்தது.

அப்பாவும் இப்படித்தான் உக்காந்திருந்தார், பாப்பா. நான் ஷூவைக் கழட்டிக்கிட்டிருந்தேன், ரத்தம் சொட்டுது, அவர் பாட்டுக்கு டீ எப்ப வரும்னு கேட்டுக்கிட்டிருந்தார். நீ கேட்ட கேள்வி அப்பவே என் முன்னாடி உக்காந்திருந்தது. பாக்க பயந்துட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எடுக்கப் போயிருக்கார். உங்க அண்ணி உள்ளே உனக்கு ஃபோன் போட்டுக்கிட்டிருக்கா, அவ குரல் எதிர்வீட்டுக்குக் கேக்கும். இந்த லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் இதை நானே எழுதணும், வாயால சொல்ல வராது. காலை ஈரத் துணியில சுத்தி ஸ்டூல் மேல வெச்சிருக்கா. நான் அந்தப் பக்கம் பாக்காம எழுதறேன். பாக்கலேன்னா கால் இருக்கா இல்லையான்னே தெரியல.

ஃபோன்லயும் இதைச் சொல்லச் சொல்லியிருக்கேன், பதினஞ்சாம் தேதி வரைக்கும் காத்திருக்காதே. இன்னிக்கே கிளம்பு. தெரு முனையில எதையும் கழட்ட வேண்டாம். செருப்போடயே வா, செருப்போடயே உள்ள வா.

எனக்கும் தைச்சுக் கொண்டு வா. அளவு உனக்குத் தெரியும். உங்க அலமாரியில ஒத்தையா நிறைய இருக்குன்னு முதல் லெட்டர்ல எழுதியிருந்தியே, அதுல இருந்து எடுத்துட்டு வந்துடாதே. ஜோடியா தை, பாப்பா. ரெண்டு காலுக்கும் தை.

உன் அண்ணன்